போர்டு ஆர்ட்டிஸ்டுக்கு மூடு கிடையாது, முகூர்த்தம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. பையன் நல்லா வரைவானாம், பிளஸ் டூ வரைக்கும் ஸ்கூல்ல எந்தப் போட்டி வச்சாலும் பிரைஸாம், காலேஜ் சேர்ந்ததுல இருந்து பிரஷ்ஷைத் தொடவே மாட்டேங்குறானாம், கேட்டா "மூடு வரலம்மா"ங்குறானாம், என்ன செய்றதுன்னு தெரியலன்னு. படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் டீ ஆறிப்போச்சு. அன்னைக்கே பதில் எழுதணும்னு நினைச்சேன், ஆனா பாருங்க எழுதுறதுக்கும் மூடு வரல, இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். நீளமா இருந்தா வெட்டிக்கங்க, கடைசி பாராவை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிராதீங்க, அதுக்காகத்தான் இம்புட்டும் எழுதுறேன்.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட், கடைக்குப் பேர்ப்பலகை எழுதுற ஆளு. இருந்தேன்னு சொல்லணும். மதுரை கீழவாசல் பக்கம் ஒரு அண்ணன்கிட்ட பதினாலு வயசுல சேர்ந்தேன், முதல் ஒரு வருஷம் மண்ணெண்ணெய்ல பிரஷ் கழுவுறதும் நூல்ல சாக்பீஸ் தேச்சு தகரத்து மேல தட்டிக் கோடு போடுறதும்தான் வேலை. எழுத்து பக்கம் கையைக் கொண்டுபோனா மண்டையில ஒரு குட்டு விழும். அப்புறம் 'ட', 'ப' மாதிரி நேர்கோட்டு எழுத்தா குடுத்தாரு, 'ழ' எழுத விட்டது ரெண்டாவது வருஷம் கடைசியில. இப்பவும் ஒரு பயலோட கையை சோதிக்கணும்னா நான் 'ழ' எழுதச் சொல்லித்தான் பார்ப்பேன், அந்தக் கீழ்ச்சுழி எங்க முடியுதுன்னு பார்த்தாலே தெரிஞ்சிரும்.

அந்தத் தொழில்ல மூடுங்கிற வார்த்தையே நான் கேட்டதில்ல. ராத்திரி ஏழு மணிக்கு ஒருத்தர் ஓடி வருவாரு, "அண்ணே விடிஞ்சா கடை திறப்பு, நாலரைல இருந்து ஆறு முகூர்த்தம், போர்டு மாட்டாம எப்படிண்ணே விளக்கேத்துறது"ன்னு. அன்னைக்கு நமக்கு காய்ச்சலா இருக்கும், வீட்டுல சண்டையா இருக்கும், ஐப்பசி மழையில எனாமல் பெயின்ட் காயவே காயாது, இருநூறு வாட்ஸ் பல்பை எழுத்துக்கிட்ட தொங்கவிட்டு உக்காந்திருப்போம். ஆனா நாலரைக்கு போர்டு கடை வாசல்ல நிக்கும். போர்டு ஆர்ட்டிஸ்டுக்கு மூடு கிடையாது சார், முகூர்த்தம்தான்.

அப்புறம் பிளெக்ஸ் வந்துச்சு. மதுரையில பிளெக்ஸைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, காதுகுத்துல இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் எல்லாம் அதுதான். நாங்க மூணு நாள் செய்யிற வேலையை மெஷின் டீ குடிக்கிற நேரத்துல துப்பிருது. நானும் ரெண்டு வருஷம் ஒரு பிளெக்ஸ் கடையில மவுஸ் புடிச்சுப் பார்த்தேன், தாய்மாமன் தலைக்குப் பின்னாடி சிங்கம் வைக்கிற வேலை, முடியல வந்துட்டேன். இப்போ சாயங்காலம் பிள்ளைகளுக்கு ட்ராயிங் கிளாஸ், பிளே ஸ்கூல் சுவத்துல மிக்கி மவுஸ், நவராத்திரி வந்தா பழைய கொலு பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிறது, அப்புறம் போட்டோ பார்த்து வரையிற போர்ட்ரெய்ட். அதுல ஒரு கூத்து, ஆதார் கார்டைக் குடுத்து "இதுல இருக்கிற எங்கப்பாவை சிரிச்ச மாதிரி வரைஞ்சு குடுங்கண்ணே"ம்பாங்க. ஆதார் கார்டுல எவன் சார் சிரிச்சிருக்கான்.

விஷயம் என்னன்னா, இந்த வேலையெல்லாம் போக எனக்குன்னு நேரம் கிடைச்சதே அப்பத்தான். நாப்பது வயசுக்கு மேல, ஆசைப்பட்டபடி வாட்டர்கலர் வரையலாம்னு 300 ஜிஎஸ்எம்னு கெட்டியான காட்டன் பேப்பர் ஒரு முழு ஷீட் வாங்கினேன், விலையை வீட்டுல சொல்லல. அந்த ஷீட் எட்டு மாசம் பீரோவுக்குப் பின்னாடி சுருட்டியே இருந்துச்சு. எடுப்பேன், பார்ப்பேன், தூசி தட்டுவேன், திரும்ப வைப்பேன். விடிய விடிய போர்டு எழுதின கை, யாரும் கேக்காத ஒரு படத்துக்கு அசையவே மாட்டேங்குது. யூடியூப்ல மோட்டிவேஷன் வீடியோவா பார்த்தேன், அதுல ரெண்டு மணி நேரம் போகும், முடிஞ்சதும் தூக்கம் வரும். அந்த அம்மாவோட பையனைச் சோம்பேறின்னு மட்டும் சொல்லிறாதீங்க, அவன் நிலைமை எனக்குத் தெரியும். ஸ்கூல்ல போட்டி இருந்துச்சு, தேதி இருந்துச்சு, இப்ப கேக்க ஆள் இல்ல. அவனுக்கு முகூர்த்தம் இல்ல, அவ்வளவுதான்.

எனக்கு அது புரிஞ்சது பஸ்ஸுல. திருமங்கலத்துல ஒரு ஸ்கூல் சுவர் வேலைக்கு தினமும் பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து போயிட்டு வந்தேன், முன் சீட்டுல ஒருத்தர் வாயைத் திறந்து தூங்குறாரு, கையில மகளோட அன்ரூல்டு நோட்டு ஒண்ணு இருந்துச்சு, ஜெல் பேனாவால சும்மா கிறுக்கினேன். அடுத்த ஸ்டாப்ல அவரு எந்திரிச்சிருவாரு, அதுக்குள்ள முடிக்கணும். திருப்பரங்குன்றம் தாண்டுறதுக்குள்ள மூணு பேர் முடிச்சேன். அதுல ஒண்ணுதான் மனுஷன் மாதிரி இருந்துச்சு, ஆனா எட்டு மாசத்துல நான் எனக்காக வரைஞ்ச முதல் படம் அதுதான். அன்னைக்கு ராத்திரி அந்த காட்டன் ஷீட்டை எடுத்து எட்டாக் கிழிச்சேன். பெரிய பேப்பர் பயமுறுத்தும் சார், கையளவு பேப்பர் ஒண்ணும் சொல்லாது.

அதுக்கப்புறம் நானும் இன்னும் ரெண்டு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் நண்பர்களுமா சேர்ந்து ஒரு முகூர்த்தம் வச்சுக்கிட்டோம். ஞாயிறு காலையில ஆறு மணி. வராதவன் மத்தவங்களுக்கு டீயும் வடையும் வாங்கித் தரணும், ஒன்பது வருஷமா இதுதான் சட்டம்.

முதல்ல போனது யானைமலை. ஒத்தக்கடையில வண்டியைப் போட்டுட்டு நரசிங்கம் பக்கம் வயல்ல உக்காந்தோம், சித்திரை மாசம், ஆறரைக்கே வெயிலு கடிக்குது. வானத்துக்கு நீலத்தை இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் கொண்டுபோறதுக்குள்ள இடது பக்கம் காய்ஞ்சு கோடு நின்னுருது, வெளிநாட்டு வீடியோக்காரன் 'மெதுவா, நிதானமா'ங்குறான், அவன் ஊர்ல அது ஈரமாவே கிடக்கும், நம்ம ஊர்ல ஏது. பேப்பரை முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சு ஒரு பிளாஸ்டிக் அட்டை மேல அப்படியே ஒட்டவிட்டா கொஞ்ச நேரம் ஈரம் நிக்கும், இதைக் கண்டுபிடிக்கவே நாலு வாரம் ஆச்சு. அப்புறம் அந்தப் பாறை கலர். தூரத்துல இருந்து பார்த்தா சாம்பல்தானேன்னு கறுப்பு ட்யூப்பை எடுத்தா செத்துப்போயிரும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் கலந்தா ஒரு சாம்பல் வரும், நீலத்தைக் கூட்டினா காலைப் பாறை, சியன்னாவைக் கூட்டினா சாயங்காலப் பாறை. வெயில் சாயிற நேரத்துல அந்த மலை லேசா ரோஸ் அடிக்கும், பத்து நிமிஷம்தான், அதுக்கு மேல இருக்காது. இந்த மலையை வெட்டி சிற்ப நகரம் ஆக்கப் போறோம்னு 2010 வாக்குல ஒரு பேச்சு வந்து ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்க, ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. அன்னைக்கு நான் பேப்பர்ல செய்தி படிச்சதோட சரி. இன்னைக்குன்னா முன்னாடி போய் உக்காந்திருப்பேன், ஏன்னா அதோட முதுகு எங்க மேடு எங்க பள்ளம்னு கண்ணை மூடிட்டு வரைவேன்.

வெளிய உக்காந்து வரைஞ்சா வர்ற கூத்தும் கொஞ்சம் இல்ல. வைகை வடகரையில பழைய ஓட்டு வீடு ரெண்டை வரைஞ்சுகிட்டிருந்தோம், ஒரு பாட்டி ரொம்ப நேரம் தூரத்துலயே நின்னு பார்த்துட்டு மெதுவா வந்து, "ஏன்ப்பா, சர்வேக்காரவுகளா? எந்த வீடு வரைக்கும் இடிக்கிறாய்ங்க?"ன்னுச்சு. இல்லைன்னு சொன்னா நம்பல. படத்தைக் காட்டினதுக்கப்புறம்தான் மூச்சு விட்டுச்சு, உடனே அடுத்த கேள்வி, "என் வீட்டுத் திண்ணையை ஏன் விட்டுட்ட?" சேர்த்துக் குடுத்துட்டுத்தான் எந்திரிச்சோம். இன்னொரு இடத்துல, எங்கன்னு சொல்ல வேணாம், வாட்ச்மேன் வந்து பர்மிஷன் லெட்டர் கேட்டாரு. பக்கத்துலயே இருபது பேர் செல்போன்ல போட்டோ எடுத்துகிட்டிருக்காங்க, அவங்களைக் கேக்கல, பென்சில் வச்சிருந்த எங்களைக் கேட்டாரு. அவரு மேல கோவமில்ல, மேல இருந்து யாரோ சொல்லியிருப்பாங்க. ஆனா ஒரு காலேஜ் பையன் முதல் நாள் வந்து இப்படி விரட்டப்பட்டா மறுநாள் வருவானா?

மீனாட்சியம்மன் கோயில்ல 2018 தீ விபத்துக்கப்புறம் உள்ள செல்போன் கிடையாது. எனக்கு அது வசதியாப் போச்சு. உள்ள போவேன், கம்பத்தடி மண்டபத்துல ஒரே ஒரு சிற்பத்தை கால் மணி நேரம் பார்ப்பேன், வெளிய வந்து சித்திரை வீதியில உக்காந்து ஞாபகத்துல வரைவேன். திருக்கல்யாணச் சிற்பத்தை அப்படி முயற்சி பண்ணப்ப மீனாட்சி தலை லேசா குனிஞ்சிருக்கிறது வந்துருச்சு, பெருமாள் தாரை வார்க்கிற கெண்டி எப்படிச் சாய்ஞ்சிருந்துச்சுன்னு வரல. மறுநாள் திரும்பப் போனேன். சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை பார்த்த சிற்பம் சார், பெருமாள் விரலை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு கிளாஸ் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போவேன். எல்லாரும் தூணை உசரமா உசரமா போடுவாங்க, பார்த்தா கரும்பு மாதிரி இருக்கும். அடியில ஒரு ஆளை நிறுத்துடான்னு சொல்லுவேன், முட்டி உசரத்துக்கு ஒரு சின்ன மனுஷன், அவ்வளவுதான், தூண் தானா எந்திரிச்சிரும். இதே மகாலை 1792ல தாமஸ் டேனியல், அவரோட அண்ணனோ தம்பியோ மகன் வில்லியம் டேனியல்னு ரெண்டு இங்கிலீஷ்காரங்க வந்து வரைஞ்சிருக்காங்கன்னு சொன்னா பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "அவங்களுக்கும் இம்புட்டு வெயிலா சார்?"னு ஒருத்தி கேட்டா. விளாச்சேரிக்கும் போனோம், களிமண் பொம்மை செய்ற வீடுகளுக்கு, அதைப் பத்தி தனியாத்தான் எழுதணும்.

மூடு வரலன்னு எனக்கே தோணுற அன்னைக்கு நான் நினைச்சுக்கிறது மனோகர் தேவதாஸ் ஐயாவை. நம்ம மதுரையில 1936ல பிறந்தவர், 2020ல பத்மஸ்ரீ, 2022 டிசம்பர்ல போயிட்டாரு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு ஒரு கண் நோய் அவருக்கு, பார்வை வருஷா வருஷம் சுருங்கிட்டே வந்து ஒரு குழாய் வழியா பார்க்கிற மாதிரி ஆயிரும். அந்தக் கண்ணை வச்சுகிட்டு அவரு பேனா மையில பழைய மதுரையை வரைஞ்சாரு, கோபுரம், தெரு, யானைமலை, எல்லாம் பொடிப்பொடி கோடு. அந்தப் படங்களை வாழ்த்து அட்டையாப் போட்டு அந்தப் பணத்தை தர்ம காரியத்துக்குக் குடுத்தாரு. நான் அவரை நேர்ல பார்த்ததில்ல, பிரிண்ட்தான் பார்த்திருக்கேன். ஒரு சதுர அங்குலத்துல எத்தனை கோடுன்னு எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற நான் பீரோவுக்குப் பின்னாடி பேப்பரைச் சுருட்டி வச்சிருந்தவன்.

அந்த அம்மாவுக்கு, பையனுக்கு விலை கூடின கலர் எதுவும் வாங்கிக் குடுக்காதீங்கம்மா, குடுத்தா அதுவும் பீரோவுக்குப் பின்னாடிதான் போகும். கோடு போடாத நோட்டு ஒண்ணு, பேனா ஒண்ணு போதும். ஏன் வரையலன்னு தினம் கேக்காதீங்க. வரைஞ்சதைக் காட்டச் சொல்லியும் கேக்காதீங்க, பத்து வரைஞ்சா எனக்கே ரெண்டுதான் தேறுது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நம்ம பேப்பர்ல 'இன்றைய நிகழ்ச்சிகள்'னு கோயில் பூஜை, பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம் எல்லாம் போடுறீங்க. அதுல ஞாயித்துக்கிழமைக்கு எங்களுக்கு ஒரே ஒரு வரி குடுங்க, இந்த வாரம் எங்க உக்காருறோம்னு. சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, பேனரும் வைக்க மாட்டோம். பேப்பர்ல நேரமும் இடமும் அச்சாகி வந்துட்டா வீட்டுல தூங்குற பயலுக்கு அது ஒரு முகூர்த்தம் மாதிரி. வர்ற ஞாயிறுக்கு இப்படிப் போட்டுருங்க: கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளத்துக்கிட்ட ஆலமரத்தடி, காலை 6 மணி. தண்ணி பாட்டில் ரெண்டு கொண்டு வரணும், ஒண்ணு குடிக்க, ஒண்ணு பிரஷ் கழுவ. குளத்துல பிரஷ் கழுவக் கூடாது. லேட்டா வந்தா வடை அவங்க செலவு.

இப்படிக்கு,
பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருத்தன்,
வில்லாபுரம், மதுரை.