பேனலுக்குள் என்ன நஞ்சு என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அடுத்த தலைமுறை சூரிய மின்கலங்கள் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விழுகிற வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்று முழுக்க முழுக்க சதவீதக் கணக்கு. 2009-இல் 3.8 சதவீதத்தில் தொடங்கிய பெரோவ்ஸ்கைட் என்கிற புதுரக மின்கலம் இன்று 25-ஐத் தாண்டிவிட்டது என்று கொண்டாடிய கட்டுரையாளர், அதைத் தருவது நஞ்சான காரீயம் கலந்த, ஈரம் பட்டால் சிதைகிற படிகம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய குறைக்கடத்திப் படிகங்களுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, சரி, அவற்றில் சூரிய மின்கலத்துக்காக அதிகம் ஆராயப்பட்டதும் காரீய சல்ஃபைடுதானே?

மாற்று இல்லாமல் இல்லை. பார்சிலோனா பக்கம் ஐசிஎஃப்ஓ ஆய்வு நிறுவனத்தில் கான்ஸ்டன்டாடோஸ் குழுவினர் வெள்ளி, பிஸ்மத், கந்தகம் சேர்ந்த நானோ படிகங்களில் 2016-இல் 6 சதவீதத்தைத் தாண்டினார்கள், 2022-இல் 9-ஐ. வெள்ளி அணுக்களும் பிஸ்மத் அணுக்களும் தனித்தனியே கூடிக் கிடக்காமல் சீராகக் கலக்கும்படி மிதமாகச் சூடேற்றினார்கள், ஒளியை உறிஞ்சும் திறன் எகிறிவிட்டது. வெறும் 30 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) படலமே போதும் என்றானது. நம் மொட்டைமாடிப் பேனலில் இருக்கும் சிலிக்கான் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். பிஸ்மத், தனிம அட்டவணையில் காரீயத்துக்குப் பக்கத்து வீடுதான், ஆனால் வயிற்றுக் கோளாறு மருந்தில் சேர்க்கிற அளவுக்கு சாது.

9 சதவீதத்தை வைத்துக் கடை போட முடியாது, தெரியும். காரீயத்துக்குப் பதில் வெள்ளீயம் சேர்த்த பெரோவ்ஸ்கைட்டும் காற்று பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகிறது. அதற்காகப் பேசாமலே விடலாமா?

எங்கள் ஊர்க் காயலான் கடைக்கு உடைந்த பேனல்கள் வருகின்றன. அலுமினியச் சட்டத்தைக் கழற்றி எடை போட்டுவிட்டு, நொறுங்கிய கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் மிச்சத்தைச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்கள், மழையில் நனைகிறது. சாதாரண சிலிக்கான் பேனலிலேயே பற்றவைப்பில் காரீயம் இருப்பது வழக்கம். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் பேனல் கழிவை 2034-35 வரை பத்திரமாகச் சேமித்து வைக்கச் சொல்கின்றன. அந்த விதி இந்தச் சுவர் வரை வந்து சேரவில்லை. நாளைக்குப் புதுரகப் பேனலும் இங்கேதான் வரும்.

அடுத்த முறை செயல்திறன் அட்டவணை போடும்போது பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: உள்ளே என்ன உலோகம், தண்ணீரில் கரையுமா, பழசானால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், ‘நஞ்சில்லாதது’ என்று தலைப்புப் போடும் முன், அதைத் தயாரிக்க என்ன கரைப்பான் ஊற்றினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு