தோட்டத்துப் பிள்ளைகள் தரவுச் சட்டமும் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இறுதியாண்டில், நம் சொந்த விவரங்களைக் காக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்பையும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் விருப்பப் பாடமாக எடுத்து, பிறகு அதிலேயே மேற்படிப்பும் படிக்கப்போவதாகச் சென்ற மாதம் வீட்டில் சொல்லியிருக்கிறாள். பெரிய வாக்குவாதமாகிவிட்டது. "நில வழக்கும் விபத்து வழக்கும் நடத்தினால் ஊரிலேயே பிழைக்கலாம். இது கோலாலம்பூரில் பெரிய கம்பெனிகளுக்குத்தானே உதவும்?" என்று தாய்மாமன் கேட்கிறார். எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்துச் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் எல்லாத் தோட்டப்புற ஊர்களிலும் இருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எந்த நோய்க்காக எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, யாருடைய சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், அடையாள அட்டை எண் என்ன என்பதெல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலும் மற்றப் பேரேடுகளிலும் என் கையெழுத்தில் இருந்தன. தோட்டம் கைமாறியபோது அவற்றை என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்டேன். தூக்கிப் போடச் சொன்னார்கள். மூட்டை கட்டி, பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் கொடுத்தேன். அன்று அது தவறாகவே தோன்றவில்லை. யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. இன்று நினைத்தால் மனம் பதறுகிறது.

நம் ஊருக்கும் அடையாள அட்டைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்தச் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அன்றைய பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே 12 வயது நிறைந்தவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது. அட்டை இல்லாமல் நடமாட முடியாத காலத்தைப் பார்த்தவர்கள் என் பெற்றோர். அட்டையைக் கேட்டால் மறுபேச்சின்றி நீட்டும் பழக்கம் அவர்களிடமிருந்து எங்களுக்கும் வந்துவிட்டது. இன்றைய எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளலாம். இத்தனையையும் கைப்பேசிக் கடையிலும், தவணைக் கடையிலும், வாசலுக்கு வந்து நிற்கும் முன்பின் அறியாதவரிடமும் நகலெடுக்கக் கொடுத்துவிடுகிறோம்.

பால்மரம் சீவியே பிள்ளைகளை வளர்த்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒருவர் வந்து அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். சில மாதங்களில் அந்த அம்மா பெயரில் மூன்று கைப்பேசி இணைப்புகள். அவற்றில் ஒன்றிலிருந்து யாரையோ இழிவுபடுத்தி எழுதிய பதிவுக்காக இவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவை அந்தச் சட்ட மாணவி விளக்கியபோதுதான் ஆபத்தின் அளவு எனக்குப் புரிந்தது. இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதிலிருந்து வெளியானதை அவரே வெளியிட்டதாக நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. கைப்பேசியில் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு மூதாட்டி அதை எப்படி நிரூபிப்பார்? இந்த வேலைக்கு ஈப்போவில் வழக்கறிஞர் தேடி நாங்கள் அலைந்தோம். "பார்க்கலாம்" என்றவர்கள் உண்டு. பொறுமையாக உட்கார்ந்து அந்த அம்மாவின் மொழியில் பேசியவர் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் அவள் சொன்னாள். 2010இல் நிறைவேறி 2013 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் விவரங்களை எதற்காக வாங்குகிறோம் என்று நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். தமிழ் மட்டும் படித்த நம் பெரியவர்கள் அதன் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதைத் தமிழில் படித்துச் சொல்ல, "இந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா" என்று நிறுத்த, சட்டம் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் வேண்டாமா?

வேலைவாய்ப்பு இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 2024இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிப்பது கட்டாயம். பெரிய அளவில் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கவும் வேண்டும். விரல் ரேகை போன்ற உடல் அடையாளங்களும் இப்போது சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவுகள். வேலைக்கு முன் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட காலம் போய் இயந்திரத்தில் விரல் வைக்கும் காலத்தில், தோட்டத்துக்கும் இது சொந்த விஷயம். 2024 ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக்கு இன்றியமையாதவை என்று வகுத்த 11 துறைகளில் விவசாயமும் தோட்டத் தொழிலும் ஒன்று. செம்பனைக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு இதில் இடமில்லை என்று யார் சொல்வது?

சட்டத்தில் குறையும் உண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம்மைப் பற்றி அதிகம் வைத்திருப்பவர்களே வெளியே நிற்கிறார்கள். ஆனால் 2010இல், வழக்கறிஞர் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க ஆட்கள் தேவை. அவர்களில் சிலர் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

தாய்மாமன் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. பத்திரிகையில் வந்தால் படிப்பார். ஆகவே உங்கள் கல்விப் பக்கத்தில் இந்தத் துறையைப் பற்றி, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கலாம் என்பது உட்பட, விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதோடு, அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதும் முறையைப் படத்துடன் ஒருமுறை வெளியிடுங்கள். பருவ விடுமுறையில் அந்தப் பெண் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இதைப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாள். என் செக்ரோலில் இருந்தவர்களில் இன்னும் இவ்வூரில் இருக்கும் குடும்பங்களை நானே வீடு வீடாகப் போய் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்