'இணைய இணைப்பு இல்லை' என்று கதவடைக்கும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் எழுதிய செயலியை அலுவலகத்தில் திறந்தேன். சாம்பல் நிறத் திரை, நடுவில் 'இணைய இணைப்பு இல்லை'. அதே கணினியில் பிரவுசர் ஓடுகிறது, மெயில் வந்துகொண்டிருக்கிறது. தோண்டிப் பார்த்தால், செயலி தொடங்கியதும் கூகுளின் 8.8.8.8 என்ற சர்வர் முகவரிக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புகிறது. அலுவலக நெட்வொர்க்கின் காவலான ஃபயர்வால் பிங்கை வெளியே விடுவதில்லை. அவ்வளவுதான் விஷயம். உங்கள் சர்வர் நன்றாகத்தான் இருந்தது. அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

கேலி பேச எனக்குத் தகுதி இல்லை, நானும் இதையே எழுதியவன்தான். எத்தனை பிங் என்று கட்டளையில் சொல்ல விண்டோஸில் 'என்' (-n), மற்றவற்றில் 'சி' (-c) என்ற எழுத்து என்பதுவரை பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். காத்திருக்கும் நேரத்துக்குப் பெரிய 'டபிள்யூ' (-W) போட்டு, 2 என்று கொடுத்தேன். லினக்ஸில் அது 2 விநாடி. மேக்கில் 2 மில்லிவிநாடி! மேக் வைத்திருந்த அத்தனை பேரும் என் கணக்கில் இணையம் இல்லாதவர்கள் ஆகிப்போனார்கள். விண்டோஸில் கூத்து வேறு மாதிரி. 'அந்த முகவரிக்குப் போக வழியில்லை' என்று நடுவழி ரவுட்டர் சொன்னாலும், ஏதோ ஒரு பதில் வந்துவிட்டதே என்று பிங் 0-வைத் திருப்பித் தந்துவிடும். நிரலுக்கு அது வெற்றி.

சரி, இயங்குதளத்தையே கேட்டுவிடலாமே என்பீர்கள். அதுவும் யாரையோ கேட்டுத்தான் சொல்கிறது. விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு குட்டி டெக்ஸ்ட் கோப்பை எடுத்து, எதிர்பார்த்த வரி இருக்கிறதா என்று பார்க்கும். ஆப்பிள் கருவிகள் ஒரு பக்கத்தில் 'சக்சஸ்' என்ற சொல்லைத் தேடும். ஆண்ட்ராய்டு கூகுளிடமிருந்து 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். இந்த 204 நல்ல யோசனை. விடுதி வைஃபையின் லாகின் பக்கம் எதைக் கேட்டாலும் தன்னையே 200 ('எல்லாம் சரி' என்ற பதில் எண்) என்று நீட்டும், அல்லது வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும். வெற்றுப் பதில் தராது. '200 வந்தால் இணையம் உண்டு' என்று எழுதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் இந்தச் சோதனையைச் செய்யும், ஆனால் லினக்ஸின் எல்லா விநியோகங்களிலும் (உபுண்டு, ஃபெடோரா போன்ற வடிவங்களிலும்) அந்தச் சோதனை இயக்கப்பட்டிருக்காது.

ஆக, நான்கு இடத்தில் கேட்டாலும் கிடைப்பது அவரவர் சர்வரைப் பற்றிய செய்தி. உங்கள் சர்வரைப் பற்றி அல்ல. அதுவும் கேட்ட நொடிக்கு மட்டும்தான். அடுத்த நொடி பயனர் லிஃப்டுக்குள் நுழைந்துவிடலாம்.

அதனால் கேட்டுக்கொள்வது இதுதான்: முன்சோதனையை எடுத்துவிட்டு, செய்ய வேண்டிய கோரிக்கையையே நேரே அனுப்புங்கள். நேர வரம்பு வையுங்கள், இல்லையென்றால் திரை உறைந்து நிற்கும். தோற்றால் எப்படித் தோற்றது என்று பாருங்கள். சர்வரின் பெயரிலிருந்து அதன் முகவரி கிடைக்கவில்லையா, பதில் வரத் தாமதமா, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லையா, உங்கள் சர்வரே 503 ('இப்போது சேவை இல்லை') தந்ததா? கடைசியில் சொன்னதற்குப் பயனரின் இணையத்தைக் குறை சொல்வது அநியாயம். இயங்குதளம் சொல்வதைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்: 'நெட்வொர்க் திரும்பிவிட்டது' என்று அது அறிவித்ததும் மறுபடி முயல அது நல்ல தருணம். அதுவரை பயனர் தட்டச்சு செய்ததைத் தொலைத்துவிடாதீர்கள்.

அந்தச் சாம்பல் திரையை விடவே மனமில்லை என்றால், 'மீண்டும் முயல்க' என்ற பொத்தானாவது பிங்குக்குப் பதிலாக உங்கள் சர்வரைக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
மேக் பயனர்களிடம் இன்னும் மன்னிப்புக் கேட்காத ஒருவன்