தைத்தாளா, தைத்தாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில், வெங்காய வடகத்துக்குக் கீழே, ஹாரியட் பவர்ஸைப் பற்றி ஒரு குறிப்பு. "எழுதப் படிக்கத் தெரியாத அடிமைப் பெண் ஒருத்தி பைபிள் கதைகளைப் போர்வையில் தைத்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர்தான். ஆனால் நீங்கள் சொல்லும் பைபிள் போர்வையைத் தைத்தபோது அடிமை முறை ஒழிந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. எழுதப் படிக்கவும் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் எழுத்துக் கற்றதைச் சொல்லி 1896-ல் அவர் எழுதிய கடிதமே கிடைத்திருக்கிறது. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாததா? அச்சுக்குப் போகிற அவசரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

தகவல் பிழையைக்கூட விட்டுவிடலாம். அதென்ன "தைத்தாள்"? அமெரிக்க ஓவியர் ஹென்றி ஒசாவா டானரைப் பற்றி நீங்கள் எழுதியபோது "தீட்டினார்" என்றுதானே போட்டீர்கள்? அவரும் கறுப்பர், அவர் எடுத்துக்கொண்டதும் பைபிள் கதைதான். தூரிகைக்கு 'ஆர்', ஊசிக்கு 'ஆள்' போலிருக்கிறது. அவருக்கும் பெரிய மரியாதை ஒன்றும் நடந்துவிடவில்லை. மரியாளிடம் தேவதூதன் வரும் ஓவியத்தில் தூதனை வெறும் ஒளித்தூணாக வரைந்திருப்பார். நீங்கள் அதைத் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளையில் போட்டதில் டியூப்லைட் மாதிரி தெரிந்தது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். வந்து சேரவில்லையோ என்னவோ.

நான் முப்பத்தோரு வருஷம் தையல் ஆசிரியை. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஓவியங்கள் ஹாலில் பெயரோடு தொங்கும்; எங்கள் பிள்ளைகள் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டுத்தையல் போட்ட அப்ளிக் வேலை வராந்தா பெஞ்சில் கிடக்கும். ஒருமுறை சிறப்பு விருந்தினர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். கறை போகவே இல்லை.

2021 குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பவர்ஸின் கையால் இன்று எஞ்சியிருக்கும் இரண்டு போர்வைகளையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கைத்தையலும் இருக்கிறது, மெஷின் தையலும் இருக்கிறது. பைபிள் கதை மட்டுமா? 1833-ல் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய ராத்திரி இருக்கிறது. அவர் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது, கேட்டுத் தைத்திருக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய பன்றி ஒன்று. அதற்கு பெட்ஸ் என்று பெயர்கூட வைத்திருக்கிறார். வடக்கே தப்பி ஓடிய அடிமைகளைத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த இரண்டில் முதல் போர்வைக்குப் பத்து டாலர் கேட்டாராம். ஐந்துதான் கிடைத்தது. கையில் காசில்லாத காலம், கொடுத்துவிட்டார். அப்புறமும் வாங்கியவர் வீட்டுக்குப் பலமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உங்கள் குறிப்பில் இதற்கு இடமில்லை. வடகத்துக்கு எத்தனை நாள் வெயில் வேண்டும் என்பதற்கு இருந்தது.

அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். பெட்ஸின் படத்தையும் கலரில் போட முடிந்தால் சந்தோஷம். முடியாவிட்டால் அந்த 'ஆர்' மட்டுமாவது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
பாளையங்கோட்டை