சக்கரக் காலில் விரிசல்: அவசரமாகச் சோதிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயிற்சி விமானத்தின் சக்கரக் கால் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் தண்டு) முறிந்தால், கடைசியாக ஓட்டிய மாணவர் மீதே பழி விழுகிறது. உலோகச் சோர்வால் வரும் விரிசல் ஒரே நாளில் வருவதல்ல. துருக்குழியிலோ கீறலிலோ முளைத்து, சக்கரம் தரை தொடத் தொட நீள்கிறது. முறிந்த இடத்தைப் பாருங்கள்: பழைய விரிசல் கருத்தோ துருவேறியோ இருக்கும், கடைசியாக உடைந்த பகுதி மட்டும் மின்னும்.

செஸ்னா 172 போன்ற சிறு பயிற்சி விமானங்களில், 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனையின்போது காலைக் கழுவி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸால் பார்க்க வேண்டும். ஆக்ஸில் (சக்கர அச்சு) போல்ட் துளைகள், மூக்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் (கவை), அந்தச் சக்கரம் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் தடுக்கும் டார்க் லிங்க் (torque link) இணைப்பின் துளையுள்ள காதுகள் ஆகியவற்றில் கண் நிலைக்கட்டும்.

சந்தேகம் வந்தால் டை பெனிட்ரன்ட், அதாவது விரிசலுக்குள் சாயத்தை இறக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. பெயின்ட்டைக் கம்பி பிரஷால் சுரண்டினால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் அடைபடும். ஸ்பிரிங் ஸ்டீல் (வில்லெஃகு) காலில் அமிலம் கலந்த ஸ்டிரிப்பர் (பெயின்ட் நீக்கி) கூடவே கூடாது. ஹைட்ரஜன் ஏறி எஃகு நொறுங்கும் தன்மை பெறும். சிவப்புச் சாயம் பூசியபின் 10 முதல் 20 நிமிடம் ஊற வேண்டும். பிறகு மேலே மிஞ்சிய சாயத்தை, சால்வென்ட்டில் (கரைப்பானில்) நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும். நேரே பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் வெளியேறிவிடும். பிறகு டெவலப்பரை, அதாவது சாயத்தை வெளியே உறிஞ்சும் வெள்ளைப் பூச்சை, மெல்லிய படலமாக அடித்து, குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு கசியும். துடைத்துவிட்டு மீண்டும் டெவலப்பர் அடித்தாலும் அதே இடத்தில் கசிந்தால் அது வெறும் கீறல் அல்ல. நம் ஊர் உச்சி வெயிலில் நின்ற விமானத்தில் இதைச் செய்யவே கூடாது. சூடான உலோகத்தில் சாயம் உள்ளே இறங்குமுன் காய்ந்துவிடும். காலை வேளையில், ஹேங்கர் (விமானக் கொட்டகை) நிழலில் செய்யுங்கள்.

பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். "பலமாக இறக்கிவிட்டேன்" என்று மாணவர் பதிவேட்டில் எழுதினால் திட்டாதீர்கள். அவர் எழுதினால்தான் அடுத்த பறத்தலுக்கு முன் கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றி, மூக்குச் சக்கரம் பொருந்தும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலான தகட்டில்) சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தளர்ந்து அதைச் சுற்றிக் கரும்பொடி கசிந்திருக்கிறதா என்று பார்க்க முடியும்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
சென்னை