அரைப்பேர்

கொட்டகலை
2025 ஜூலை 13

அன்புள்ள புவனா,

நாங்கள் நலம். நீயும் நலம்தான், இல்லாவிட்டால் இதற்குள் உன் தங்கை எனக்குச் சொல்லியிருப்பாள். சித்திரைப் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய சேலை ஏப்ரலிலேயே கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். திட்டு, ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டு. தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். தொடங்கினால் நான் அழுவேன், நீ சிரிப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை மகள் யாழினி குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பிறருடைய செய்தியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. சரி, இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்துவிட்டதாம்!

மூன்றாம் தடவை, புவனா. வீட்டில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கதை உனக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது, பெறுபேறு வர மே முடிந்துவிட்டது, அடுத்த பரீட்சை அதே வருடம் நவம்பரில். ஒரே வருடத்தில் இரண்டு உயர்தரம். அந்த இரண்டாவதுக்குப் படிக்கக் கிடைத்தது ஆறு மாதம்கூட இல்லை. அதிலும் நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து பரீட்சையை நிறுத்தி, டிசம்பர் முதல் வாரத்தில்தான் மறுபடி தொடங்கினார்கள். முதல் தடவை சி, சி, வெறும் சித்தியான எஸ். இரண்டாம் தடவை பி, பி, சி. பௌதிகவியல்தான் அந்த சி, வேறு யார்?

இப்போது நிலைமை இதுதான். இரண்டாம் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. எந்தப் படிப்புக்கு எவ்வளவு இசட் புள்ளி வேண்டும் என்ற வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. போன வருடத்து நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டால் மருத்துவத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறாள். எவ்வளவு சற்று என்றால், தசமப் புள்ளிக்கு அடுத்து இரண்டாவது இலக்கத்தில். விவசாயம் கிடைக்கலாம், உயிரியல் விஞ்ஞானம் கிடைக்கலாம், யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ சித்த மருத்துவம் கிடைக்கலாம். இவர் சித்த மருத்துவத்தில் குறியாக இருக்கிறார். "அதுவும் டாக்டர்தானே, கஷாயம் கொடுக்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். கிடைத்ததில் பதிவு செய்துவிட்டால், பிறகு இன்னொரு வருடப் பெறுபேற்றைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. பதிவு செய்யாமல் மூன்றாம் தடவை எழுதி, அதிலும் கோட்டைவிட்டால், அதற்குமேல் பல்கலைக்கழகத்துக்கென்று எழுத வழியில்லை. மூன்றே தடவைதான். இந்தக் கணக்கையெல்லாம் இருபது வயதுப் பிள்ளை தனியாகப் போட்டுப் பார்த்து, தன் டியூஷன் காசில் மிச்சம் பிடித்துக் கட்டணமும் கட்டியிருக்கிறாள்.

நம் காலத்தில் நான்கு பாடம், தாவரவியல் தனி, விலங்கியல் தனி, நானூறுக்கு எத்தனை என்று சொன்னால் கடைக்காரருக்கும் புரியும். இந்த இசட் புள்ளியை நான் அம்மாவுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பாடத்திலும் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து இவள் எவ்வளவு தள்ளி நிற்கிறாள், அதை நியமவிலகலால் வகுத்து, மூன்று பாடத்தையும் கூட்டி மூன்றால் வகுத்து... அம்மா வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டார். பிறகு, "ஒரு கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுவாங்களே, அது மாதிரியா?" என்றார்.

அது மாதிரிதான். முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு நியமவிலகல் எதற்கு? காலை முழுவதும் மலையில் நின்று, நிறுவையில் ஒரு கிலோ குறைந்ததற்காகக் கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதி, அரை நாள் கூலி மட்டும் கிடைத்த நாட்கள் அவருக்கு மறக்கவில்லை. "அரைப்பேருன்னா அடுத்த நாள் மலைக்குப் போகாம இருந்தோமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பேத்தியின் கட்சி.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி இவரோடு ஒரு சண்டையும் நடந்தது. நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மீதி 5 பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் அந்தப் பதினாறில் ஒன்று. "இவ்வளவு சலுகை இருந்தும் இரண்டு தடவை எழுத வேண்டுமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மாவட்டத்தில் தமிழில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளே குறைவு. அதிலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கும் பாடசாலை எது? யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஏழு மாதம் ஆசிரியரே இல்லை. நானும் ஆசிரியைதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. போதாததற்கு, குறைந்த வெட்டுப்புள்ளிக்கு ஆசைப்பட்டு வெளி மாவட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்க்கும் பெற்றோர் வேறு. நம் பிள்ளைகளின் வரிசையில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். கண்டியில் நான்கு வருடம் டியூஷன் எடுத்த பிள்ளையும் இவளும் ஒரே தராசில்.

சரி, மூச்சு விடுகிறேன்.

ஆசிரியர் அறையில் இப்போது எல்லோரும் அன்பாகக் கேட்கிறார்கள்: "மகள் இன்னும் படிக்கிறாளா?" அந்த 'இன்னும்' என்ற சொல்லை எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ! நம் வட்டக்கொடைக்காரி மட்டும் ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு பொதி முருங்கைக்காய் கொடுத்தாள். அவளுக்கு நீ கடன்பட்ட நூறு ரூபாயை அவள் மறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனித்தான் சொல்ல வந்தது.

அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தவுடன் என் விரல் அதை அழிக்கப் போனது. அழித்தால் விண்ணப்பம் இல்லாமல் போய்விடாது என்று தெரியும். இருந்தும் போனது. அழிக்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். இன்று வரை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து நாள். இவரிடமும் சொல்லவில்லை. நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று யோசித்தபோது பழைய தோட்ட ஆபீஸ் ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது.

நீ இரண்டாம் தடவை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வருடம். உன் கடிதம் ஆபீசில் கிடந்து தாமதமானதற்குப் பெரிய கிளாக்கரை முப்பது வருடமாகத் திட்டி வருகிறோம். அவருடைய தும்மலை நீ நடித்துக் காட்டாத கல்யாண வீடு இல்லை. லயத்து வீடுகளுக்கு வரும் கடிதங்கள் அங்கே கிடப்பது வழக்கம்தான், அவர் நல்லவரும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் கிடந்த நாட்களில் மூன்று அவருடையவை அல்ல, என்னுடையவை. அப்பாவுக்கு வந்த சேமலாப நிதிக் கடிதத்தை வாங்கப் போனபோது ஜன்னல் கட்டையில் உன் பெயரைப் பார்த்தேன். நீளமான உறை. எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது. ஓடிவந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். நான்காம் நாள்தான், அப்போதுதான் பார்த்தவளைப் போல உன் லயத்துக் காம்பராவுக்கு வந்து சொன்னேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். பதிவுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

உனக்கு உன் அண்ணன் இன்னொரு வருடம் தந்தான். என் அப்பா, "ஒரு தடவை போதும், ஆசிரியர் வேலை கிடைத்தால் வீட்டுக்குச் சம்பளம்" என்றார். பத்தனை கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. அப்பாவையும் சொல்லவில்லை, அந்த வீட்டில் நான்கு பேர் படித்தோம். ஆனால் யாழினி மூன்றாம் தடவை எழுத வேண்டாம் என்று இரண்டு மாதமாக நான் அடுக்கிக்கொண்டிருக்கும் காரணங்கள் — வயது போகிறது, கிடைத்ததைப் பிடி, ஊர் என்ன சொல்லும் — எதுவும் அவளைப் பற்றியவை அல்ல. எனக்கு இரண்டாவதே கிடைக்கவில்லை, இவளுக்கு மூன்றாவதா? இதைத்தான் எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகளைப் பார்த்து, புவனா.

திட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் திட்டு.

இன்று இரவு அவளிடம் பேசப் போகிறேன். வெட்டுப்புள்ளி வந்து, அவளுக்குப் பிடித்த ஒன்று கிடைத்தால் பதிவு செய்யட்டும்; பிடிக்காவிட்டால் நவம்பரில் எழுதட்டும். அதை அவள் முடிவு செய்யட்டும். அதுவரை படிப்பை நிறுத்தக் கூடாது. இங்கேதான் உன் உதவி வேண்டும். கண்டியில் ஓகஸ்ட்டிலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பௌதிகவியல் வினாத்தாள் வகுப்பு ஒன்று இருக்கிறதாம். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சனிக்கிழமை இரவுகளில் அவள் கட்டுகஸ்தோட்டையில் உன் வீட்டில் தங்கலாமா? சாப்பாட்டுக்கு அரிசியும் மரக்கறியும் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்று சொன்னால் அவளை அனுப்ப மாட்டேன், அதனால் சொல்லாதே. அவள் அதிகம் பேச மாட்டாள். இரவில் விளக்கை அணைக்க மாட்டாள், அது ஒன்றுதான் தொல்லை.

முடியாது என்றாலும் எழுது. மேலே எழுதியதைப் படித்த பிறகு எங்களை வீட்டுக்குள் எடுக்க உனக்கு மனம் வராவிட்டால், அதையும் எழுது. அந்த ஜன்னல் விஷயத்தை யாழினிக்குச் சொல்லாதே. நானே சொல்கிறேன், எப்போது என்று தெரியவில்லை. முடியும் என்றால், பஸ்ஸிலிருந்து எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை மட்டும் தெளிவாக எழுது. போன தடவை நீ சொன்ன வழியில் வந்து நான் ஆற்றங்கரையில் நின்றேன்.

அன்புடன்,
செல்வி