கோடை விடுமுறையில் சிங்கப்பூர் செல்லும் பிள்ளைகளின் ஆவணங்கள் குறித்து

பெற்றோர்களுக்கு வணக்கம். பதினெட்டு வயது நிரம்பாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், காலாவதித் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும். புதிதாக விண்ணப்பிப்போர் தாய், தந்தை இருவரும் கையொப்பமிட்ட அனெக்சர் டி என்னும் சம்மத உறுதிமொழிப் படிவத்தை இணைக்க வேண்டும். ஒருவரின் சம்மதம் பெற இயலாத நிலையில் அனெக்சர் சி உண்டு.

பெற்றோரில் ஒருவரோடு மட்டுமோ, தாத்தா பாட்டியோடோ பிள்ளை செல்வதானால், உடன் செல்லாதவர் பயணத் தேதிகள், தங்குமிடம், தமது தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் சம்மதக் கடிதம் எழுதி, நோட்டரி சான்றொப்பத்துடன் தமது பாஸ்போர்ட் நகலையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். எல்லா இடத்திலும் கேட்கமாட்டார்கள். கேட்கும் இடத்தில் கடிதம் இல்லாமல் பிள்ளை மிரண்டு நிற்பதைக் காண நேரக்கூடாது.

கடந்த முறை என் மகளின் டிக்கெட்டில் வெறும் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் என் முழுப்பெயரும் இருந்ததால் கவுண்டரில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எனவே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து முன்பதிவு செய்யுங்கள். விசாவும், வந்து சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் கைக்குழந்தைக்கும் தனித்தனியே தேவை.